கேள்வி–பதில்: பேனலில் பச்சை விளக்கு எரிந்தால் போதுமா?

ஃபயர் அலாரம் பராமரிப்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பல கட்டடங்களுக்கும் பொருந்தக்கூடியவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். தூரம், ஒலி, கால இடைவெளி பற்றிய அளவுகள் பெரும்பாலும் பிரிட்டனின் பி.எஸ். 5839-1 தரத்தை ஒட்டியவை. உங்கள் நாட்டு விதி வேறாக இருந்தால் அதுவே உங்களைக் கட்டுப்படுத்தும்.

கே: எங்கள் அலுவலகக் கட்டடத்து அலாரப் பேனலில் (கட்டுப்பாட்டுப் பெட்டியில்) எப்போதும் பச்சை விளக்குதான் எரிகிறது. கோளாறு என்று ஒருநாளும் காட்டியதில்லை. அப்படியிருக்க, வாராவாரம் ஹூட்டரை அலறவிட்டு எல்லோரையும் தொந்தரவு செய்யத்தான் வேண்டுமா?

ப: வேண்டும். பெரும்பாலான பேனல்களில் பச்சை விளக்குக்கு ஒரே பொருள்தான்: மின்சாரம் வருகிறது. கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரியவில்லை என்றால், கம்பி அறுபடவில்லை, ஷார்ட் ஆகவில்லை, டிடெக்டர் தலையை யாரும் கழற்றவில்லை, பேட்டரி இணைப்பில் இருக்கிறது என்று பொருள். பேனலால் தானாகக் கண்டுபிடிக்க முடிவது ஏறக்குறைய இவ்வளவுதான். டிடெக்டரின் வலை மேல் பெயிண்ட் அடித்திருப்பது அதற்குத் தெரியாது. கால் பாயிண்டை (தீயைக் கண்டவர் அலாரம் எழுப்பக் கையால் இயக்கும் சிறு பெட்டியை) மறைத்து அலமாரி நிற்பது தெரியாது. சத்தம் பொறுக்காமல் யாரோ ஹூட்டரின் வாயில் பஞ்சு அடைத்திருப்பதும் தெரியாது. புகையிலிருந்து மனிதர் காது வரையுள்ள முழுப் பாதையையும் அவ்வப்போது நடத்திப் பார்த்தால்தான் அமைப்பு வேலை செய்கிறதென்று சொல்ல முடியும்.

வாரச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். வேலை நேரத்தில், ஒரே கிழமையில், ஏறத்தாழ ஒரே மணிக்குச் செய்யுங்கள். அலாரம் வெளியிலுள்ள கண்காணிப்பு மையத்துக்கோ தீயணைப்புத் துறைக்கோ இணைந்திருந்தால் முதலில் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். பிறகு ஒரே ஒரு கால் பாயிண்டை அதற்கான சாவியால் இயக்குங்கள். கண்ணாடி உள்ள வகையிலும் கண்ணாடியை உடைக்கத் தேவையில்லை. அதற்கும் சோதனைச் சாவி உண்டு. இன்னொருவர் பேனல் அருகில் நின்று, சரியான ஸோனும் (கட்டடத்தின் பகுதி) சரியான இடப்பெயரும் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஹூட்டர் ஒரு நிமிடத்துக்குமேல் ஒலிக்கக் கூடாது. ஒரு நிமிடம் தாண்டினால் அது சோதனையல்ல, உண்மை என்று மக்கள் பழகிக்கொள்ளும்படி இருக்க வேண்டும். சைலன்ஸ் அழுத்திய பிறகு முதலில் கால் பாயிண்டைச் சாவியால் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள், அதன்பின் பேனலை ரீசெட் செய்யுங்கள். வரிசை மாறினால் ஹூட்டர் மறுபடி அலறும்.

அடுத்த வாரம் வேறு கால் பாயிண்ட். கட்டடத்தில் 50 இருந்தால் சுற்று முடிய ஏறத்தாழ ஓராண்டு ஆகும். பல இடங்களில் பேனலுக்கு அருகிலுள்ள ஒன்றையே திரும்பத் திரும்ப இயக்குகிறார்கள். அதனால் அந்த ஒன்று வேலை செய்வது மட்டுமே உறுதியாகும். இரவுப் பணியாளர்கள் இந்தச் சத்தத்தைக் கேட்கவே வாய்ப்பில்லை என்பதால், அவர்கள் நேரத்தில் மாதம் ஒருமுறை தனியாக ஒரு சோதனை வையுங்கள்.

கே: சர்வீஸ்காரர் டிடெக்டரின் பக்கத்தில் காந்தம் வைத்து, விளக்கு எரிந்ததும் 'ஓகே' என்று எழுதிவிட்டுப் போகிறார். இது சரியான சோதனையா?

ப: பாதிச் சோதனை. காந்தம் டிடெக்டருக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக்ஸையும் பேனலுக்குப் போகும் தகவலையும் மட்டும் சரிபார்க்கிறது. புகை உள்ளே நுழைகிறதா என்ற முக்கியமான கேள்வியை அது தொடுவதே இல்லை.

ஒளியால் இயங்கும் புகை டிடெக்டருக்குள் ஓர் இருட்டறை இருக்கிறது. அதில் ஒரு எல்.ஈ.டி. விட்டுவிட்டு ஒளி வீசும். ஒளியை உணரும் டயோடு அதன் நேர் பார்வையில் இல்லாமல் கோணமாக வைக்கப்பட்டிருக்கும். புகைத் துகள் நுழைந்தால் ஒளி சிதறி டயோடின்மேல் விழும், அதுதான் அலாரம். இந்த அறையைச் சுற்றிப் பூச்சி வராதபடி நுண்ணிய வலை இருக்கிறது. வலை தூசியால் அடைபட்டிருந்தாலும் காந்தச் சோதனையில் டிடெக்டர் தேறிவிடும்.

கம்பத்தின் நுனியில் பொருத்திய மூடிக்குள் சோதனைப் புகை அடிக்கும் கருவிதான் இதற்கு வேண்டும். ஒரு நொடிக்குள் ஒரு சிறு பீச்சல், பிறகு 30 நொடி வரை பொறுமை. நவீன டிடெக்டர்கள் ஒரே அளவீட்டை நம்பி அலாரம் கொடுப்பதில்லை; சில அளவீடுகள் எடுத்து முடிவெடுக்கும். பொறுமையில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தால் உள்ளே பிசுபிசுப்பான படலம் படிந்து, தூசியை இழுத்து, பின்னால் பொய் அலாரமாக வந்து நிற்கும். காகிதம் கொளுத்திக் காட்டுவது, சிகரெட் புகை ஊதுவது, சென்ட் அடிப்பது எல்லாம் டிடெக்டரைக் கெடுக்கும் வேலைகள்.

வெப்ப டிடெக்டருக்கு அதற்கென்றே செய்த, சூடான காற்று வீசும் சோதனைக் கருவி உண்டு. பெயிண்ட் உரிக்கும் ஹீட் கன் மேலுறையை உருக்கிவிடும். தீக்குச்சி, லைட்டர் கிட்டே போகவே கூடாது. புகை, வெப்பம் இரண்டையும் உணரும் கூட்டு டிடெக்டரில் இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். அதற்குப் பேனலைச் சோதனை நிலைக்கு மாற்ற வேண்டியிருக்கலாம். வேலை முடிந்ததும் அந்த நிலையிலிருந்து வெளியே வந்தாயிற்றா என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்குள் எல்லா டிடெக்டரும் ஒருமுறையாவது இப்படிச் சோதிக்கப்பட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருபவர் ஒவ்வொரு முறையும் பாதியை முடிப்பார். எந்தப் பாதி என்று எண் வாரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஏணி வைக்க வசதியான அதே பாதியே இருமுறை சோதிக்கப்படும்.

கே: மாணவர் விடுதி நடத்துகிறோம். மாதம் ஐந்தாறு முறை பொய் அலாரம் அடிக்கிறது. இப்போது யாரும் படுக்கையை விட்டு எழுவதே இல்லை. பேசாமல் அந்த மாடியின் ஸோனை ஆஃப் செய்து வைத்திருக்கிறோம். வேறு வழி உண்டா?

ப: முதலில் இன்றே அந்த ஸோனை மறுபடி ஆன் செய்யுங்கள். ஆட்கள் தூங்கும் மாடியில் ஸோனை நிறுத்திவைப்பது, அலாரமே இல்லாத கட்டடத்தைவிட மோசம். ஏனென்றால், அலாரம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் எல்லோரும் தூங்குகிறார்கள்.

பொய் அலாரத்துக்குக் காரணம் இருக்கும். அது பேனலின் நினைவகத்திலேயே பாதி எழுதப்பட்டிருக்கும். அட்ரஸபிள் பேனல் (ஒவ்வொரு டிடெக்டரையும் தனி எண்ணால் அறியும் வகை) என்றால் கடைசிச் சில நூறு நிகழ்வுகளையாவது வைத்திருக்கும். தேதி, மணி, டிடெக்டர் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்தாறு வரி எழுதும்போதே ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று டிடெக்டர்கள்தான் மாடி முழுவதையும் எழுப்பிக்கொண்டிருக்கும்.

காலை ஆறிலிருந்து எட்டு வரை என்றால் குளியலறை நீராவி. ஒளியால் இயங்கும் டிடெக்டருக்கு நீராவியும் புகையும் ஒன்றுதான். இரண்டும் ஒளியைச் சிதறடிக்கின்றன. டிடெக்டரைக் குளியலறைக் கதவிலிருந்து தள்ளி வையுங்கள், குளியலறையில் காற்று வெளியேற்றும் விசிறி வையுங்கள். அறை சிறியதாக இருந்து தள்ளிவைக்க இடமில்லாவிட்டால் கூட்டு டிடெக்டருக்கு மாறுங்கள்.

சமையல் நேரத்தில் என்றால் சமையலறைக்குள் புகை டிடெக்டர் இருக்கக் கூடாது; வெப்ப டிடெக்டர் போதும். அதிலும் வகை பார்த்து வாங்க வேண்டும். ஏ1 வகை, சாதாரணமாக 50 டிகிரி செல்சியஸைத் தாண்டாத இடத்துக்கானது. வெப்பம் மெல்ல ஏறும்போது 54 முதல் 65 டிகிரிக்குள் இயங்கும். பி வகை, 65 டிகிரி வரை சூடேறும் இடத்துக்கானது. 69 முதல் 85 டிகிரிக்குள் இயங்கும். வெப்பம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைப் பார்த்து அலாரம் கொடுக்கும் வகை சமையலறைக்கு ஆகாது. அடுப்பின் கதவைத் திறந்ததும் வரும் சூட்டலையே அதற்குப் போதும். குறிப்பிட்ட வெப்பநிலையில் மட்டும் இயங்கும் வகையைப் போடுங்கள்.

பெருக்கித் துடைத்த பிறகு அடிக்கிறது என்றால் தூசி. எந்த நேரம் என்றே சொல்ல முடியாமல், பெரும்பாலும் இரவில், ஒரே டிடெக்டர் மட்டும் அடித்தால் உள்ளே ஒரு சிறு பூச்சி புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். ஏசி காற்று வரும் துளையிலிருந்து ஒரு மீட்டருக்குள் டிடெக்டர் இருந்தால் தூசியும் வரும், உண்மையான புகையை விலக்கித் தள்ளவும் செய்யும். அறைக்குள் வேப் பிடிப்பதும் உடலில் ஸ்ப்ரே அடிப்பதும் விடுதிகளில் சாதாரணக் காரணங்கள். அதை மாணவர்களிடம் நேராகச் சொல்லிவிடுவதே நல்லது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பொய் அலாரத்துக்குப் பயந்து படுக்கையறைகளில் வெப்ப டிடெக்டர் மாட்டாதீர்கள். மெத்தை புகையும்போது அறை சூடாவதற்கு வெகு நேரம் முன்பே புகை ஆளை மயக்கிவிடும்.

பழுது பார்க்கும்வரை நிறுத்திவைத்தே ஆக வேண்டும் என்றால், ஸோனை அல்ல, அந்த ஒரு டிடெக்டரை மட்டும், எழுதிவைத்த நேரத்துக்கு மட்டும் நிறுத்துங்கள். அந்த நேரத்தில் அந்த அறைப்பக்கம் ஒருவர் சுற்றிவர வேண்டும். பேனலில் அலாரத்தைத் தாமதப்படுத்தும் வசதி இருந்தாலும், கால் பாயிண்டை யாராவது அழுத்தினால் தாமதம் இல்லாமல் உடனே ஒலிக்கும்படி வைத்திருக்க வேண்டும்.

கே: பெயிண்ட் வேலைக்காக டிடெக்டர்களுக்கு பிளாஸ்டிக் மூடி போட்டோம். எத்தனை நாள் விடலாம்?

ப: அன்றைய வேலை முடியும்வரை. மூடிகளை எண்ணிப் போடுங்கள், மாலையில் எண்ணி எடுங்கள். மூடி போட்ட டிடெக்டர் பேனலில் நல்லபடியாகவே காட்டும். நினைவூட்ட யாரும் வரமாட்டார்கள்.

கே: பேனலில் 'பேட்டரி ஃபால்ட்' என்று வந்து பீப் சத்தம் நிற்கவில்லை. கடையில் கிடைத்த 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி இரண்டு வாங்கிப் போடலாமா? பழையதில் 17 என்று இருக்கிறது.

ப: கூடாது. ஃபால்ட் செய்தி மறைந்துவிடும். ஆனால் மின்வெட்டில் அமைப்பு முன்னதாகவே செத்துவிடும்.

பெரும்பாலான பேனல்களில் 12 வோல்ட் சீல்டு லெட் ஆசிட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். மின்சாரம் போனால் 24 மணி நேரம் அமைதியாகக் காவல் காத்து, அதன் முடிவிலும் அரை மணி நேரம் ஹூட்டர்களை ஒலிக்கச் செய்யும் அளவு கொள்ளளவு வேண்டும். கணக்கு இதுதான். அமைதி நிலையில் பேனல் எடுக்கும் மின்னோட்டத்தை 24ஆல் பெருக்குங்கள். அலாரம் நிலை மின்னோட்டத்தை 0.5ஆலும், பிறகு 1.75ஆலும் பெருக்குங்கள்; அதிக மின்னோட்டத்தில் பேட்டரியின் கொள்ளளவு குறைந்துபோகும் என்பதற்காக இந்த 1.75. இரண்டையும் கூட்டி, பேட்டரி வயதாவதற்காக 1.25ஆல் பெருக்குங்கள். உதாரணமாக அமைதியில் 0.4 ஆம்பியர், அலாரத்தில் 1.5 ஆம்பியர் என்றால்: 9.6ம் 1.31ம் சேர்ந்து 10.9, அதை 1.25ஆல் பெருக்கினால் 13.6 ஏ.எச். சந்தையில் அதற்கு மேலுள்ள அளவு 17. உங்கள் பழைய பேட்டரி 17 ஆனது இப்படி ஒரு கணக்கில்தான். 7 போட்டால் அதே கட்டடத்தில் பாதி நாள்கூடத் தாக்குப்பிடிப்பது சந்தேகம். புதிதாக ஹூட்டர்களோ டிடெக்டர்களோ சேர்த்திருந்தால் 17ம் போதாமல் போகலாம். கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.

இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே தயாரிப்புக் காலம். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் பழையது முழுமையாக சார்ஜ் ஆகாது, புதியது அளவுக்குமேல் சார்ஜ் ஏறிக் கெடும். மாட்டிய தேதியை பேட்டரியின் மேலேயே எழுதுங்கள். காருக்கான பேட்டரியைப் பேனலுக்குள் வைப்பது ஆபத்து. சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் மூடிய பெட்டிக்குள் சேரும்.

புதிய பேட்டரி போட்டும் ஃபால்ட் போகவில்லையா? மல்டிமீட்டரை எடுங்கள். 20 டிகிரியில் சார்ஜ் மின்னழுத்தம் இரண்டுக்கும் சேர்த்து 27.3 வோல்ட் அளவில் இருக்கும்; சூடு கூடினால் பேனல் இதைச் சற்றுக் குறைக்கும். 24, 25 என்று நின்றால் சார்ஜர் அல்லது ஃப்யூஸ் போயிருக்கலாம். இரண்டு பேட்டரிக்கும் நடுவிலுள்ள இணைப்புக் கம்பியின் முனை தளர்ந்திருப்பதும் அடிக்கடி நடப்பது. பேனலுக்குள் மெயின்ஸ் மின்சாரம் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். தெரியாதவர் திறக்க வேண்டாம்.

பொதுவாக நான்கு ஆண்டுகளில் மாற்றிவிடுவது நல்ல வழக்கம். வெயில் விழும் சுவரிலோ காற்றோட்டமில்லாத அறையிலோ பேனல் இருந்தால் அதற்கும் முன்பே. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த வகை பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். சர்வீஸின்போது மெயின்ஸை நிறுத்திவிட்டு ஹூட்டர்களை ஒலிக்கவிட்டு மின்னழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சில நிமிடத்திலேயே 24க்குக் கீழே வழுக்கினால், சும்மா இருக்கும்போது எவ்வளவு காட்டினாலும் அந்த பேட்டரியை நம்ப முடியாது.

கே: மழை பெய்தால் 'எர்த் ஃபால்ட்' வருகிறது, வெயில் வந்தால் போய்விடுகிறது. ஹூட்டர் எல்லாம் ஒழுங்காகவே ஒலிக்கிறது. விட்டுவிடலாமா?

ப: விடக் கூடாது. பேனலின் 24 வோல்ட் பக்கம் பூமியோடு தொடர்பில்லாமல் மிதக்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டில் ஒன்று எங்கோ ஈரத்தின் வழியாகப் பூமியைத் தொட்டால் எர்த் ஃபால்ட் காட்டும். அமைப்பு தொடர்ந்து வேலை செய்யும். அடுத்த மழையில் மற்றொன்றும் வேறோர் இடத்தில் தொட்டால் அது ஷார்ட். அந்த சர்க்யூட்டே போய்விடும்.

ஃபால்ட் இருக்கும்போதே தேட வேண்டும். காய்ந்த பிறகு தேடினால் கிடைக்காது. மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும், நெகட்டிவுக்கும் எர்த்துக்கும் அளந்து பாருங்கள். எது பூஜ்யத்தை நெருங்குகிறதோ அதுதான் பூமியைத் தொடுகிறது. பிறகு வெளியே போகும் சர்க்யூட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒன்றைக் கழற்றியதும் உடனே அடுத்ததுக்குப் போகாதீர்கள். ஃபால்ட் மறைந்ததைக் காட்டப் பேனலுக்கு ஒன்றிரண்டு நிமிடம் ஆகலாம். குற்றவாளி சர்க்யூட் தெரிந்ததும் அதன் நடுவில் பிரியுங்கள். எந்தப் பாதி என்று தெரிந்ததும் அந்தப் பாதியின் நடுவில். 60 டிடெக்டர் உள்ள லூப்பில்கூட (பேனலில் கிளம்பிப் பேனலுக்கே திரும்பி வரும் சர்க்யூட்) ஆறு முறை பிரிப்பதற்குள் இடம் வந்துவிடும். லூப்பில் இரு முனைகளையும் கழற்றிவிட்டுத்தான் தேட வேண்டும், இல்லாவிட்டால் மறுபக்கமாகச் சுற்றி வந்து குழப்பும்.

மழைக்கால ஃபால்ட் என்பதால் நேராகப் போய்ப் பார்க்க வேண்டியவை: வெளிச்சுவர் ஹூட்டர், வாசல் கால் பாயிண்ட், மொட்டைமாடிப் பெட்டி, அடித்தளத்து ஜங்ஷன் பாக்ஸ். கேபிள் மேலிருந்து பெட்டிக்குள் இறங்கினால் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே உள்ளே வரும். கீழிருந்து நுழையும்படி, நுழையுமுன் ஒரு வளைவு தொங்கும்படி மாற்றி, கிளாண்டை (கேபிள் நுழையும் துளையை இறுக்கும் மூடியை) இறுக்குங்கள். சிலிகான் பூசி மட்டும் விட்டால் அடுத்த மழையில் அது மறுபடி வரும்.

ஒரு எச்சரிக்கை: கேபிளின் காப்பைச் சோதிக்க 500 வோல்ட் மெகர் போடுவதானால், பேனல், டிடெக்டர், மாட்யூல், ஐசோலேட்டர் எதுவும் அந்தக் கேபிளில் இணைந்திருக்கக் கூடாது. ஒரு பட்டனை அழுத்தியதில் முழு லூப்பும் வெந்துபோகும்.

கே: புது ஹூட்டர் ஒன்று சேர்த்த பிறகு ஃபால்ட் வந்தது. எலெக்ட்ரீஷியன் கடைசியில் இருந்த சின்ன ரெசிஸ்டரைப் பேனலுக்குள்ளேயே மாட்டிவிட்டார். ஃபால்ட் போய்விட்டது. சரிதானே?

ப: தவறு. அவர் பேனலின் கண்ணைக் கட்டிவிட்டார். அது எண்ட் ஆஃப் லைன் ரெசிஸ்டர். பேனல் சிறு மின்னோட்டத்தை அனுப்பி, அது கம்பியின் கடைசி முனையிலுள்ள ரெசிஸ்டர்வரை போய்த் திரும்புவதை வைத்துத்தான் கம்பி முழுமையாக இருப்பதை அறிகிறது. ரெசிஸ்டர் பேனலுக்குள் இருந்தால் வெளியே கம்பி முழுவதையும் எலி தின்றாலும் ஃபால்ட் வராது. புது ஹூட்டரை நடுவிலிருந்து கிளை பிரித்து இணைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அந்தக் கிளையும் பேனலின் கண்ணில் படாது. சாதாரண வகைப் பேனல்களில் கம்பி ஒவ்வொரு கருவியிலும் உள்ளே போய் வெளியே வந்து அடுத்ததுக்குச் செல்ல வேண்டும். கடைசியில் மட்டும் ரெசிஸ்டர். மதிப்பு பேனலுக்குப் பேனல் மாறும். கையேட்டில் உள்ளதையே போடுங்கள்.

சரியாகியதா என்று பார்க்க, கடைசிக் கருவியில் ஒரு கம்பியைக் கழற்றுங்கள். 100 நொடிக்குள் பேனல் ஃபால்ட் காட்ட வேண்டும்.

கே: பெரிய ஹாலைத் தடுத்து நான்கு அறைகள் ஆக்கினோம். டிடெக்டர் கூரையில் அப்படியே இருக்கிறது. ஏதாவது மாற்ற வேண்டுமா?

ப: நான்கு அறைக்கும் ஒரே டிடெக்டர் மிஞ்சியிருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். தடுப்பு, கூரைக்கு 300 மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டால் அது சுவருக்குச் சமம். அப்பால் உள்ள டிடெக்டருக்குப் புகை நேரத்தோடு போய்ச் சேராது. தட்டையான கூரையில் அறையின் எந்தப் புள்ளியிலிருந்தும் புகை டிடெக்டர் 7.5 மீட்டருக்குள்ளும் வெப்ப டிடெக்டர் 5.3 மீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும், சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி. அடுக்கிவைக்கும் சரக்கும் டிடெக்டரின் கீழும் சுற்றிலும் அரை மீட்டருக்குள் வரக் கூடாது.

டிடெக்டரைச் சேர்த்தவர்கள்கூட மறப்பது ஒலியை. சாதாரணக் கதவு ஏறத்தாழ 20 டெசிபலையும், தீத்தடுப்புக் கதவு ஏறத்தாழ 30 டெசிபலையும் தின்றுவிடும். புது அறைகளின் கதவை மூடிவிட்டு ஹூட்டரை ஒலிக்கச் செய்து, மீட்டரால் அளந்து பாருங்கள். பேனல் அருகில் மாட்டியிருக்கும் ஸோன் படத்தையும், பேனலில் வரும் இடப்பெயரையும் அதே வாரத்தில் திருத்துங்கள். தீயணைப்பு வீரர் அந்தப் படத்தை நம்பித்தான் புகைக்குள் நுழைகிறார்.

கே: எவ்வளவு சத்தம் போதும்? எந்திரக்கூடத்தில் ஹூட்டர் கேட்பதில்லை என்கிறார்கள்.

ப: பொது அளவு 65 டெசிபல் ஏ, அல்லது 30 நொடிக்குமேல் நீடிக்கும் பின்னணிச் சத்தத்தைவிட 5 டெசிபல் கூடுதல், இரண்டில் எது அதிகமோ அது. தூங்கும் அறையில் கதவை மூடியபின் தலையணை அருகில் 75. பலத்த ஹூட்டர் ஒன்றைவிடச் சாதாரண ஹூட்டர்கள் பல நல்லவை. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 100 கொடுக்கும் ஹூட்டர் 8 மீட்டரில் 82தான்.

எந்திரச் சத்தம் 90ஐத் தாண்டினாலோ பணியாளர்கள் காதுறை அணிந்தாலோ ஒலியை மட்டும் கூட்டிப் பயனில்லை. மின்னும் விளக்குகள் சேர்க்க வேண்டும், முடிந்தால் அலாரத்தோடு எந்திரங்களையும் நிற்கச் செய்ய வேண்டும். காது கேளாதவர் தங்கும் அறையில் தலையணைக்கடியில் அதிரும் பட்டை வேண்டும். முன்பு கேட்டது இப்போது கேட்கவில்லை என்றால், நீளமான கேபிளின் கடைசி ஹூட்டரில் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். அதையும் மெயின்ஸை நிறுத்தி, பேட்டரியில் ஓடும்போதே அளக்க வேண்டும்.

கே: சர்வர் அறையில் தீயணைக்கும் வாயு சிலிண்டர்கள் அலாரத்தோடு இணைந்திருக்கின்றன. அங்கே டிடெக்டரைச் சோதிப்பது எப்படி?

ப: வாயு வெளியேற்றும் ஆக்சுவேட்டரை சிலிண்டரிலிருந்து கழற்றி ஓரமாக வைக்காமல் சோதனைப் புகையைக் கையில் எடுக்கவே கூடாது. சாவியைப் பூட்டிவைத்தால் மட்டும் போதாது. கையால் கழற்றியதைக் கண்ணால் பார்க்க வேண்டும். வாயு கார்பன் டை ஆக்சைடு என்றால், வெளியேறும்போது அறைக்குள் இருப்பவர் உயிர் பிழைப்பது கடினம். சோதனை முடிந்ததும் பேனலை ரீசெட் செய்து, ஆக்சுவேட்டர் கம்பியில் மின்னழுத்தம் இல்லை என்பதை மீட்டரால் அளந்து, அதன்பிறகே திரும்பப் பொருத்த வேண்டும். இது பயிற்சி பெற்றவர் மட்டும் செய்ய வேண்டிய வேலை.

கே: கிடங்கில் கூரைக்குக் கீழே ஒளிக்கற்றை டிடெக்டர் உள்ளது. மதியமானால் ஃபால்ட், சில நாள் அலாரம். கையால் மறைத்தால் அலாரம் வருவதில்லை. கெட்டுவிட்டதா?

ப: கையால் மறைத்தால் அலாரம் வரக் கூடாது, அது சரியாகவே இருக்கிறது. ஒளி திடீரென முழுவதும் மறைந்தால் ஏதோ பொருள் குறுக்கிட்டது என்று புரிந்துகொண்டு ஃபால்ட் காட்டும். படிப்படியாக, குறிப்பிட்ட அளவு மங்கினால்தான் தீ. அதனால்தான் சோதனைக்கு அளவிட்ட ஃபில்டர் தகடு தருகிறார்கள்.

மதியத்தில் மட்டும் வருவதால் முதலில் பார்க்க வேண்டியது அது பொருத்தப்பட்ட இடம். இரும்புக் கட்டுமானம் வெயிலில் விரிந்து வளையும். 50 மீட்டருக்கு அப்பால் ஒளி அந்தச் சிறு வளைவிலேயே குறி தவறும். தகரத்தில் அல்லாமல் உறுதியான தூணிலோ சுவரிலோ மாற்றுங்கள். சாய்ந்து வரும் வெயில் லென்ஸில் நேராக விழுகிறதா என்றும் பாருங்கள். லென்ஸையும் எதிர்ப்பக்கக் கண்ணாடியையும் மென்மையான துணியால் துடைத்து, நேர்ப்படுத்திய பிறகு மறுபடி அளவு அமைக்க வேண்டும். பறவை, ஃபோர்க்லிஃப்ட், புதிதாகத் தொங்கவிட்ட பலகை மற்ற காரணங்கள்.

கே: டிடெக்டர்களை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

ப: புகை டிடெக்டருக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்வது 10 ஆண்டு. தூசியான இடத்தில் அதற்கு முன்பே அழுக்கு எச்சரிக்கை வரும். வெளியே மென்மையான பிரஷ் வைத்த வாக்யூமால் சுத்தம் செய்யலாம். பழைய அயனி வகையைத் திறக்கவோ உடைக்கவோ குப்பையில் போடவோ கூடாது. உள்ளே அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் சிறிதளவு இருக்கிறது. தயாரிப்பாளரிடமோ அதற்கு உரிமம் உள்ளவரிடமோ ஒப்படையுங்கள்.

கே: லாக் புக்கில் 'எல்லாம் சரி' என்று எழுதி வருகிறோம். போதாதா?

ப: போதாது. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த எண் கால் பாயிண்ட், பேனல் என்ன காட்டியது, எந்த ஹூட்டர் ஒலிக்கவில்லை, யார் செய்தார் என்று எழுதுங்கள். ஒவ்வொரு பொய் அலாரத்துக்கும் டிடெக்டர் எண்ணும் தெரிந்தால் காரணமும். ஒவ்வொரு ஃபால்ட்டும் எப்போது வந்து எப்போது சரியானது என்று. பேட்டரி மாற்றிய தேதி, சர்வீஸில் சோதித்த டிடெக்டர் எண்கள்.

நிறுத்திவைத்தவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்: எது, ஏன், எப்போது நிறுத்தியது, யார், எப்போது மறுபடி ஆன் செய்தது. கடைசிக் கட்டம் காலியாக உள்ள வரி ஏதாவது இருந்தால் இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் பேனலருகே போய் அதைப் பாருங்கள்.